எறியாத கரிய கல்

ஜெர்மனியின் செல்லே நகரின் ஓரத்தில், பல நாடுகளில் எண்ணெய் தேடித் துளையிட்டபோது எடுத்த பாறைத் துண்டுகளைச் சேர்த்துவைக்கும் கிடங்கில் நிற்கிறேன். கூரை வரை பெட்டிகள். பொறுப்பாளர் சுகந்தி அக்கா யாழ்ப்பாணத்துக்காரர். அர்ஜென்டினாவின் நெவ்கேன் படுகையிலிருந்து வந்த கரிய களிப்பாறைத் துண்டு ஒன்றை என் கையில் வைக்கிறார்.

"கீழ இருக்கிற மணற்கல்லிலதான் எண்ணெய் எண்டு, இதைத் துளைச்சுக்கொண்டு போனவை. இதை ஒருத்தரும் கவனிக்கேல்லை. என்னையும் எறியச் சொன்னவை."

"எறியலையா, அக்கா?"

"ஏலாமப் போச்சு. பாருங்கோ."

கல்லின் மேல் தண்ணீர் தெளிக்கிறார். சுருண்ட சிப்பி ஒன்று மெல்லத் துலங்குகிறது.

"பிறகு, இந்தக் கல்லுக்குள்ளயே எண்ணெய் இருக்குதெண்டு கண்டுபிடிச்சிட்டினம். பழைய துண்டு இருக்கோ எண்டு கேட்டு, அர்ஜென்டினாவில இருந்து ஒரு வயசாளி டெர்மின் எடுத்து, முன்கூட்டியே நேரம் கேட்டு வந்தவர். ஒளிச்சு வச்சதைச் சொன்னால் வேலை போயிடும் எண்டு பயம். எண்டாலும் காட்டினன்."

"என்ன சொன்னார்?"

"மணந்து பாத்திட்டு அழுதிட்டார். இளவயசில அவர்தான் இதைத் துளைச்சு எடுத்தவராம்."

நானும் கல்லை முகர்கிறேன். மெல்லிய மண்ணெண்ணெய் வாடை. அதற்கும் அடியில், எங்கோ வெகு தொலைவில், ஒரு கடல்.