அக்காவின் பாட்டு, கவுண்டர் எண் இருநூறு

எந்தக் கல்யாணத்துக்குப் போனாலும், முதல் பாட்டில் குரல் எழும்வரை என்னால் உட்கார முடிவதில்லை. நாற்காலி இருக்கும். நிற்பேன். அங்கே இல்லாத ஒரு சத்தக் குமிழை என் வலது கை தேடும். எண்பதுகளில், செகந்திராபாத்தில், என் அக்காவின் கல்யாணத்தில் ஒட்டிக்கொண்ட வியாதி இது.

அக்கா சர்ச் பாடகர் குழுவில் பாடியவள். எங்கள் ரயில்வே குடியிருப்பில் யாருக்குக் கல்யாணமானாலும், மாலை வரவேற்பில் மணமக்கள் உள்ளே வரும்போது அவள்தான் பாட வேண்டும். பதினோரு வருஷம் பாடினாள். எல்லாரும் அவள் குரலின்மேல் நடந்து போனார்கள். அவள் மைக்கோடு ஓரமாக நின்றாள். முப்பத்து மூன்று வயதில் ஒரு தெலுங்குக் குடும்பத்தில் அவளுக்கு நிச்சயமானபோது என்னிடம் ஒன்றே ஒன்று கேட்டாள்.

"ஏலே, மணப்பொண்ணு நடந்துக்கிட்டே பாட முடியாதுல்லா? அந்தக் கேசட்டப் போடு. என் பாட்டுக்கு நானும் ஒரு தடவ நடந்து பாக்கேன்."

அந்தக் கேசட்! பாடகர் குழு என்றோ ஒரு சாயங்காலம், தெரிந்த பாட்டையெல்லாம் வரிசையாகப் பாடிப் பதிந்தது. கல்யாணப் பாட்டு, அதை ஒட்டியே கல்லறையில் பெட்டியை இறக்கும்போது பாடுகிற அடக்கப் பாட்டு. இதில் இன்னொரு சங்கடம். ஆர்கன் வாசித்த அண்ணாச்சிக்கு முன்னிசை ஒன்றுதான் தெரியும். கல்யாணமோ கல்லறையோ, அதே நிதானத்தில் ஒரு நிமிஷம் வாசித்துவிட்டுத்தான் குரலுக்கு வழிவிடுவார்.

பாலாநகர் தொழிற்சாலையில் ஷிப்டு முடிந்து வந்து ஒரு வாரம் நோட்டுப் போட்டேன். யார் கேட்ட பாட்டு, எந்தக் கேசட், டேப் எத்தனையாவது எண்ணில் நிற்க வேண்டும். தமிழ் ஒன்று, தெலுங்கு ஒன்று, இந்தி ஒன்று. அடுத்தடுத்து இரண்டு தமிழ் வந்தால் சம்பந்தி வீட்டில் முகம் சுளிப்பார்கள் என்று அடித்தேன், மாற்றினேன், மறுபடி அடித்தேன். டேப் ஓட ஓட எண் ஏறுமே, எங்கள் வீட்டு டேப்ரிக்கார்டரின் அந்தக் கவுண்டரில் அக்காவின் பாட்டு இருநூறு. கேசட்டைச் சரியாக அங்கேயே நிறுத்தி, சட்டைப்பையில் போட்டுக்கொண்டு போனேன்.

மண்டபத்தில் மைக் செட்காரர் ஹைதராபாதி. கேசட்டுகளை அவரிடம் கொடுத்துவிட்டு நான் மாலை வாங்கப் போய்த் திரும்புவதற்குள் எல்லாவற்றையும் தொடக்கத்துக்கே திருப்பிச் சுற்றி வைத்துவிட்டார். தொழில் மரியாதையாம்.

"டேப் டைட்டா இருக்கும் மியான். கைக்கு டென்ஷன்?" என்றார், எதற்குப் பதற்றம் என்று.

"ஹெட்போன் இருக்கா பாய்?"

"நை மியான், இல்ல. அதெல்லாம் ரேடியோ ஸ்டேஷன்ல."

நோட்டை நம்பி முதல் பாட்டை எண்பதில் வைத்தேன். கடைசிச் சரணம் பாடியது. தேடிப் பார்த்தால் பாட்டு அறுபதில் இருக்கிறது. அவருடைய இயந்திரத்தின் எண் வேறு, எங்கள் வீட்டு எண் வேறு. என் நோட்டு முழுக்கப் பொய்யாகிவிட்டது. வியர்வையோடு கணக்குப் போட்டேன்: எண்பது அறுபதானால், இருநூறு நூற்றைம்பது. கொஞ்சம் தப்பினால் அடக்கப் பாட்டு. காலையில் சர்ச்சில் ஒரு மெழுகுவர்த்தி அணைந்ததற்கே மாப்பிள்ளையின் அம்மா சகுனம் பார்த்து முணுமுணுத்தவர். இப்போது முன்வரிசையில் இருக்கிறார்.

வாசலில் அக்கா வந்துவிட்டாள். மாப்பிள்ளையின் கையைப் பிடித்திருந்தாள், கண் மட்டும் என்மேல் இருந்தது. கேட்டுப் பார்க்க நேரமில்லை. நூற்றைம்பதில் வைத்து அழுத்தினேன்.

ஆர்கன் எழுந்தது. அதே முன்னிசை. எந்தப் பாட்டுடையது? மூன்றாம் வரிசையில் ஆர்கன் அண்ணாச்சியே உட்கார்ந்திருந்தார். கண்ணால் கேட்டேன். அவர் தலையை ஒருபுறம் சாய்த்துக் கேட்டார், பிறகு உதட்டைப் பிதுக்கினார். வாசித்த மனிதருக்கே தெரியவில்லை!

அக்கா நடந்தாள். மெல்ல, ஒவ்வோர் அடியாக, எதற்கோ காத்திருப்பவள்போல. பாதி மண்டபம். ஆர்கன் இறங்குகிறது, இதோ குரல் வரப்போகிறது, பெட்டியை இறக்கும் குரலா, என் அக்காவின் குரலா. என் விரல்கள் எனக்கு முன்பே முடிவு செய்துவிட்டன. குமிழைத் திருகிச் சத்தத்தை அடக்கி, டேப்பையும் நிறுத்தினேன்.

மண்டபத்தில் மின்விசிறிச் சத்தம் மட்டும். அக்கா ஒரு கணம் நின்றாள். பிறகு நடந்தாள். யாரோ கைதட்ட, எல்லாரும் தட்டினார்கள்.

"பாட்ட எந்துகு ஆகிந்தி?" என்றார் மாப்பிள்ளையின் அம்மா, பாட்டு ஏன் நின்றது என்று. "கரண்ட்" என்றேன். தலைக்கு மேல் விளக்கெல்லாம் பளிச்சென்று எரிந்துகொண்டிருந்தது.

மறுநாள் இருவரும் எங்கள் வீட்டுக்கு விருந்துக்கு வந்தார்கள். அக்கா நேராக என் சட்டை தொங்கிய ஆணிக்குப் போய், பையிலிருந்த கேசட்டை எடுத்து டேப்ரிக்கார்டரில் போட்டாள். நான் நிறுத்திய இடத்திலிருந்து அது தொடங்கியது. ஆர்கன் இல்லை. எடுத்த எடுப்பில் அவள் குரல். இருபத்திரண்டு வயதுக் குரல், கல்யாணப் பாட்டின் முதல் வார்த்தை.

என் கணக்கு சரியாகத்தான் இருந்திருக்கிறது.

"அக்கா, பயந்துட்டேன்க்கா."

"பதினோரு வருஷம் ஊராரு கல்யாணத்துக்கெல்லாம் பாடுனேன்ல. ஒருத்தனும் என் வாயப் பொத்தல."

சிரித்துக்கொண்டுதான் சொன்னாள். மாப்பிள்ளைக்குத் தமிழ் புரியவில்லை. இட்லியைக் கையில் வைத்தபடி பாட்டையே கேட்டுக்கொண்டிருந்தவர், இது யாருடைய குரல், இவ்வளவு நன்றாக இருக்கிறதே என்று தெலுங்கில் கேட்டார்.

அக்கா என் பக்கம் திரும்பினாள்.

"வாண்ணே அடகண்டி" என்றாள். அவனையே கேளுங்கள்.