ஏரிக்கரைக்கு எத்தனை நீளம்?

அலுவலகத்தில் அந்த சர்வேயரை ‘ஊசிக்கண்ணு’ என்றுதான் கூப்பிடுவார்கள். விரற்கடை பிசகினாலும் மறுபடி டேப்பை இழுத்துவிடுவாள். அப்படிப்பட்டவள், வேலி போடுவதற்காக ஏரிக்கரையைச் சுற்றி அளந்து 4,510 மீட்டர் என்று எழுதிக் கொடுத்தாள். பழைய பதிவேட்டில் இருந்தது 3,840. அதன் கீழே இருந்த கையெழுத்து அவளுடைய அப்பாவுடையது.

“ஏரி என்ன குட்டியா போட்டிருக்கு?” என்றார் பொறியாளர். “ரெண்டுல ஒண்ணு தப்பு. எதுன்னு திங்கக்கிழமை எழுதிக் குடும்மா, சிவப்பு மையில அடிச்சிடலாம்.”

தன் கணக்கை மூன்று முறை சரிபார்த்தாள். பிசகு இல்லை. அப்படியானால் அடிபடப்போவது அப்பா. முப்பத்தைந்து வருட சர்வேயர் வேலையில் ஒரு திருத்தம்கூட வாங்காதவர்.

வீட்டில் பூசி மெழுகிச் சொல்லிப் பார்த்தாள். அப்பா பிடித்துக்கொண்டார்.

“என் அளவு தப்புங்கிறியா?”

“அப்படிச் சொல்லலைப்பா.”

“அப்போ உன்னுது தப்பா?”

“அதுவும் இல்லப்பா.”

“அப்பனும் பொண்ணும் சேர்ந்து ஏரியைக் குத்தம் சொல்லுங்க,” என்றாள் அம்மா உள்ளேயிருந்து.

ஞாயிறு காலை, அப்பா அன்று ஏரியை அளந்த இருபது மீட்டர் அளவுச் சங்கிலியைப் பரணிலிருந்து இறக்கினாள். அக்காவை மறுமுனை பிடிக்கச் சொல்லி, கரையின் ஒரே ஒரு வளைவை அளந்தாள். பன்னிரண்டு சங்கிலி, 240 மீட்டர். தான் ஏரியை அளந்தது போலவே டேப்பை ஐந்தைந்து மீட்டராக வைத்துக்கொண்டு போனால் 285. சங்கிலி தாண்டிப் போன குடைவுகளுக்குள் எல்லாம் டேப் நுழைந்து வந்திருந்தது. சந்தேகம் தட்ட, ஒரு மீட்டர் கோலை எடுத்தாள். 331.

“நிறுத்துடி தாயே! அடுத்து தீக்குச்சி வச்சு அளப்ப போல,” என்றாள் அக்கா. “அப்போ நிஜமான நீளம்தான் எவ்வளவு?”

அவள் கோலைக் கீழே வைத்தாள். நீளம் கரையிலேயே கிடக்கிறது, தான் போய்ப் பொறுக்கி வருகிறோம் என்று இத்தனை நாள் நினைத்திருந்தாள். எந்தக் கோலால் அளந்தது என்று சொல்லாவிட்டால் அக்காவின் கேள்விக்குப் பதிலே கிடையாது. படிவத்திலோ அதை எழுத ஒரு கட்டம்கூட இல்லை. கரையிலேயே உட்கார்ந்து சிரித்துவிட்டாள்.

திங்கட்கிழமை, இரண்டு எண்களுக்கும் பக்கத்தில் ‘20 மீட்டர் சங்கிலி’, ‘5 மீட்டர் டேப்’ என்று எழுதி, வளைவின் மூன்று அளவுகளையும் இணைத்து நீட்டினாள்.

பொறியாளர் நெற்றியைத் தடவினார். “ரெண்டும் சரிங்கிற. வேலிக்கு எதை எடுத்துக்கறது?”

“அஞ்சு மீட்டருக்கு ஒரு தூண்னா என்னோடது, சார். இருபதுக்கு ஒண்ணுன்னா அப்பாவோடது.”

அவர் சிவப்புப் பேனாவை மூடிச் சட்டைப்பையில் செருகினார்.

சாயங்காலம் அப்பா வாசலிலேயே நின்றார். “அடிச்சுட்டாங்களா?”

“இல்லப்பா. பக்கத்துல உங்க சங்கிலியையும் எழுதியாச்சு.”

அவர் நகர்ந்து வழிவிட்டார். பிறகு, “எடுத்துட்டுப் போனியே, ஈரம் துடைச்சு வச்சியா?” என்றார்.

அவள் துடைத்திருக்கவில்லை. துணியைத் தேடி உள்ளே ஓடினாள்.