டிராகனுக்கு என் மாமியார் குரல்

அனிமேஷன் படக் காட்சிகளுக்கு எங்கள் ஊர்ப் பேச்சில் குரல் சேர்த்து ரசிகர் குழுவில் போடுவது என் பொழுதுபோக்கு. ஒருமுறை, குட்டியை அதட்டும் தாய் டிராகன் காட்சிக்கு, கன்றுக்குட்டியை மாமியார் திட்டியதை அவருக்குத் தெரியாமல் பதிவுசெய்து சேர்த்துவிட்டேன். குழுவே கொண்டாடியது.

மறுவாரம் நானும் மாமியாரும் தருமபுரிக்குப் பஸ்ஸில் போனோம். முன்சீட்டுக் கல்லூரிப் பெண்கள் அதே வீடியோவைப் போட்டுச் சிரித்தார்கள். நான் சீட்டில் குனிந்துகொண்டேன்.

மாமியார் எட்டிப் பார்த்தார். "ஏம்மா, இது எங்க வூட்டுக் கன்னுக்குட்டிய நான் திட்டுனதாச்சே!"

அந்தப் பெண்கள் அவரோடு செல்ஃபி எடுத்துக்கொண்டார்கள். பிறகு அவர் என் பக்கம் திரும்பினார்.

"கேட்டிருந்தா அந்தப் பறக்கற பல்லிக்குன்னு தனியா திட்டியிருப்பேன்ல?"

மறுத்துவிடுவார் என்று பயந்தே ஆறு வருடங்களாக அவரிடம் எதையும் கேட்காமல் இருந்தவள் நான். அன்று மாலை மாட்டுக்கொட்டகையில் போனை நீட்டி, "திட்டுங்க அத்த" என்றேன்.