ஓரகத்தி உட்கார்ந்து வாங்கிய பணம்

என் ஓரகத்தியைப் பற்றி யாரிடம் கேட்டாலும் நல்லவள் என்றுதான் சொல்வார்கள். என் கஷ்டமே அதுதான். கெட்டவளாக இருந்திருந்தால் நாலு பேரிடம் சொல்லி மனதை ஆற்றிக்கொண்டிருப்பேன். என் வீட்டுக்காரரின் அண்ணன் மனைவி அவள். எங்களுக்கு ஒரே வீடு, ஒரே சமையலறை. கூடத்துக்கு அந்தப் பக்கம் அவள் அறை, இந்தப் பக்கம் என் அறை. நேரில் அக்கா என்பேன். மனதுக்குள் மகாராணி.

மகாராணிக்கு வீட்டுச் சாமான்கள் விற்கிற ஒரு பெரிய கடையில் வேலை. ஃபேன் சுற்றவில்லை, இஸ்திரிப் பெட்டி சுடவில்லை என்று திருப்பித் தூக்கிக்கொண்டு வருகிறவர்களைச் சமாளிக்கிற கவுண்டர் அவளுடையது. காலையிலிருந்து வசவு வாங்குவதற்குச் சம்பளம். ஆனாலும் வீட்டுக்குள் நுழையும்போது முகத்தில் ஒரு சுருக்கம் இருக்காது. நான் துணிகளை ஆல்டர் செய்கிற கடையில் பேன்ட் கால் மடித்து, ஜிப் மாற்றி, இடுப்பு பிரித்துவிட்டு வருகிறேன். என்னை யாரும் திட்டுவதில்லை. இருந்தும் வாசலில் என்னைப் பார்த்ததும் என் வீட்டுக்காரர், "இன்னைக்கு யார்கூட சண்டை?" என்பார்.

அடுப்பில் பால் பொங்கினாலும் அவள் ஓடமாட்டாள். நடந்துதான் போவாள். வழிவதற்குள் போய்ச் சேர்ந்தும் விடுவாள். நான் விழுந்தடித்து ஓடியும் என் பால் வழிந்திருக்கும். எரியுமா எரியாதா?

இதையெல்லாம்கூடப் பல்லைக் கடித்துக்கொண்டு பொறுத்துக்கொண்டேன். என் மகள் விஷயத்தைத்தான் பொறுக்க முடியவில்லை. பள்ளிக்கூடம் விட்டு வந்ததும் பையை என் அறையில் எறிவாள், அடுத்த நிமிடம் மகாராணி அறையில் இருப்பாள். கேட்டால், "பெரியம்மா போன்ல பாடம் பாக்கணும்மா" என்பாள். வெளியூரில் வேலை பார்க்கிற மகன் வாங்கி அனுப்பிய போன் அது. பின்னால் மூன்று கேமரா, நகை மாதிரி மினுமினுப்பு. என்னுடையதோ பேச மட்டும் ஆகிற பட்டன் போன். சாப்பாட்டுக்குக் கூப்பிட்டால்தான் என் பிள்ளை திரும்பி வரும். பெற்றவள் இங்கே, பேச்சுத்துணை அங்கே.

அந்த போன் என் அறையிலும் இருந்தால் பிள்ளை என் அறையில் இருக்கும் என்று கணக்குப் போட்டேன். புதிது வாங்க எனக்கு வழியில்லை. பேருந்து நிற்கிற தெருவில் பழைய போன் விற்கிற கடை ஒன்று உண்டு. அங்கே அதே போன், அதே நிறத்தில், கண்ணாடிப் பெட்டிக்குள் இருந்தது. புலியைப் பார்த்துப் பூனை சூடுபோட்டுக்கொள்ளக் கிளம்பிவிட்டது.

நான் ஒன்றும் கண்ணை மூடிக்கொண்டு வாங்கவில்லை. அளவு எடுக்கிற கை இது. மகாராணி கழற்றிப் போட்ட பழைய கவர் ஒன்று கூடத்து இழுப்பறையில் கிடந்தது. அதை யாருக்கும் தெரியாமல் எடுத்துப் போய்க் கடையில் போட்டுப் பார்த்தேன். தைத்துப் போட்டது போல உட்கார்ந்தது. மூன்று கேமராவும் மூன்று ஓட்டைக்கு நேராக நின்றன. போதாததற்கு இன்ச் டேப்பை எடுத்து நீளமும் அகலமும் பார்த்தேன். கடைக்காரன், "நீங்கதான் சரியான ஆளு" என்றான். அந்த ஒரு வார்த்தையில் உச்சி குளிர்ந்து பணத்தை எடுத்து நீட்டினேன்.

வீட்டில் காட்டியதும் மகாராணி கையில் வாங்கிப் புரட்டிப் பார்த்தாள். "நல்லா இருக்கு" என்று திருப்பிக் கொடுத்தாள். வயிறு எரிகிறது அவளுக்கு என்று நினைத்து அன்று நிம்மதியாகத் தூங்கினேன்.

என் சந்தோஷத்துக்கு ஆயுசு குறைவு. போன் அடுப்பாகச் சுட்டது. பாடத்தைத் திறந்தால் பாதியில் அணைந்தது. மகள் பழையபடி அந்த அறைக்குப் போய்விட்டாள். கம்பெனியின் ரிப்பேர் கடைக்குக் கொண்டுபோனேன். பிரித்துப் பார்த்தவர் சிரிப்பை அடக்கிக்கொண்டு, "இது எங்க போனே இல்லீங்க. டூப்ளிகேட். மூணு கேமரால ரெண்டு வெறும் கண்ணாடி. வேணும்னா ஜூமை மாத்தி மாத்தி அந்த ரெண்டையும் விரல வச்சு மறைச்சுப் பாருங்க, படம் மாறாது" என்றார். மறைத்துப் பார்த்தேன். மாறவில்லை.

நேராகக் கடைக்குப் போய் ஒரு கத்து கத்தினேன். "ஏமாத்துக்காரா, எடுடா பணத்த!" தெருவே திரும்பிப் பார்த்தது. கடைக்காரன் பில்லைக் காட்டி, "வித்தது வித்ததுதான். நீங்களே அளந்து பாத்துத்தானே வாங்குனீங்க?" என்றான். வேடிக்கை பார்த்தவர்கள் சிரித்தார்கள். தொண்டை கட்டியதுதான் மிச்சம்.

வீட்டில் குரல் எழும்பாமல் நான் சைகை காட்டியதைப் பார்த்து மகாராணி, "போனா?" என்றாள்.

"உங்களுக்கு எப்படித் தெரியும்?" காற்றாகத்தான் வந்தது குரல்.

"கையில வாங்கினப்பவே தெரியும். எடையே இல்ல. நீ அவ்ளோ சந்தோஷமா இருந்த, சொல்ல மனசு வரல."

அவளை அப்படியே கடித்துத் துப்பலாம் போலிருந்தது. அப்போதே சொல்லியிருந்தால் பொறாமையில் சொல்கிறாள் என்று நான்தான் ஊரெல்லாம் சொல்லியிருப்பேன். அதுவும் தெரிந்துதான் வாயை மூடியிருக்கிறாள்.

"நாளைக்கு எனக்கு லீவு. போலாம்" என்றாள். வேண்டாம் என்று சொல்லத் தொண்டை ஒத்துழைக்கவில்லை.

போகிற வழியில் சொன்னாள்: "கத்துறவங்கள அனுப்புறது ரொம்ப சுலபம். அவங்களே கத்திக் களைச்சுப் போயிடுவாங்க. நாங்க கவுண்டர்ல பயப்படுறது உக்கார்றவங்களுக்குத்தான்."

அப்படியே செய்தாள். கடைக்குள் போனதும் ஸ்டூல் இரண்டை இழுத்துப் போட்டு எனக்கும் இடம் கொடுத்து உட்கார்ந்தாள். "அவசரமில்ல தம்பி. வர்றவங்கள கவனிங்க. நாங்க இருக்கோம்." பையிலிருந்து ஃபிளாஸ்க்கை எடுத்து டீ ஊற்றி எனக்கும் கொடுத்தாள். கடைக்காரன் முகத்தில் ஈயாடவில்லை.

கல்லூரிப் பெண் ஒருத்தி அதே மாதிரி போனைக் கேட்டு வந்தாள். மகாராணி நகர்ந்து வழி விட்டு, "பாத்து எடும்மா. நாங்க டூப்ளிகேட்டத் திருப்பிக் குடுக்க வந்திருக்கோம்" என்றாள், வெயில் அதிகம் என்கிற குரலில். அந்தப் பெண் நின்றுவிட்டாள். மகாராணி தன் போனையும் என் போனையும் மேசைமேல் வைத்து, ஜூமை மாற்றி மாற்றி, கேமராக்களை ஒவ்வொன்றாக விரலால் மறைத்துக் காட்டினாள். அவளுடையதில் மூன்றுக்கும் படம் கறுத்தது. என்னுடையதில் இரண்டுக்கு அசையவே இல்லை. அந்தப் பெண் போய்விட்டாள். அடுத்து வந்த கணவன் மனைவியும் விஷயம் கேட்டுக்கொண்டு போய்விட்டார்கள்.

"அக்கா, வேற போன் எடுத்துக்குங்க" என்றான் கடைக்காரன். நேற்று என்னை அவன் அக்கா என்று சொல்லவில்லை.

"பணம் குடுத்தவ இவ. இவள கேளுங்க" என்றாள்.

"பணம்" என்று கரகரத்தேன். கொடுத்துவிட்டான். கொடுத்தவன் சும்மா இருந்தானா? மகாராணியைப் பார்த்து, "எங்க கடைக்கு வேலைக்கு வர்றீங்களா?" என்று வேறு கேட்டான். கொள்ளைக்காரன்கூட அவளைத்தான் வேலைக்குக் கூப்பிடுகிறான். பணம் கைக்கு வந்தும் எனக்குத் துளி சந்தோஷம் இல்லை.

வீட்டில் அன்று முழுக்க அவள் புராணம்தான். என் வீட்டுக்காரர், "முதல்லயே அண்ணியைக் கூட்டிட்டுப் போயிருக்கலாம்ல?" என்றார். போயிருக்கலாம். அவருக்கென்ன, சொல்லிவிட்டார்.

அந்தப் பணத்தோடு சீட்டில் போட்டதையும் சேர்த்து, கம்பெனிக் கடையிலேயே ஒரு போன் வாங்கினேன். துணைக்கு வரட்டுமா என்று மகாராணி கேட்டதற்கு வேண்டாம் என்றுவிட்டேன். ஜூமை மாற்றி மாற்றி ஒவ்வொரு கேமராவையும் மறைத்துப் பார்த்தேன். மூன்றும் அசல். வீட்டுக்கு வந்து, கட்டிலுக்குப் பக்கத்தில் மகள் படிக்க மேசை போட்டு, விளக்கை மாற்றி வைத்தேன். பள்ளிக்கூடம் விட்டு வந்தவள் போனைப் பார்த்துக் குதித்தாள். என் கழுத்தைக் கட்டிக்கொண்டாள். உட்கார்ந்து பாடத்தை முடித்தாள். நான் கட்டிலில் உட்கார்ந்து அவளையே பார்த்துக்கொண்டிருந்தேன். இத்தனை நாளில் அந்த அறை முதல் தடவையாக என் அறையாக இருந்தது.

பாடம் முடிந்ததும் போனை மேசைமேல் கவிழ்த்து வைத்தாள். எழுந்தாள். கதவைப் பார்த்து நடந்தாள்.

"எங்கடி போற?"

"பெரியம்மாகிட்ட."

"அதான் போன் இங்க இருக்கே?"

என்னை விநோதமாகப் பார்த்தாள். "போனுக்காகவாம்மா நான் அங்க போறேன்?" என்றாள். பிறகு கதவருகே நின்று, "நீயும் வாயேன்" என்றாள்.

"எனக்கு வேலை இருக்குடி, நீ போ" என்றேன்.

போய்விட்டாள். எனக்கு ஒரு வேலையும் இருக்கவில்லை.