புதன்கிழமைக்கும் சனிக்கிழமைக்கும் நடுவே

ஹாலிஃபாக்ஸில் ஒரு கம்பள ஆலையில் தட்டச்சு செய்துகொண்டிருந்தாள் ஆவ்ரில் சக்டன். சனி ஞாயிறுகளில் ஊர் நாடகக் குழுவில் நடிப்பாள். இருபத்திரண்டு வயதில் அவளுக்குத் தொலைக்காட்சியில் இடம் கிடைத்தது. அண்ணன் கிளிஃபர்டுக்கு அது எந்த மாதிரி வேலை என்று பிடிபடவில்லை.

"அதுல நீ என்னதான் பண்ணணும்?"

"பூதத்தப் பாத்ததும் கத்தணும்."

"அதுக்கு எதுக்கு லண்டன் வரைக்கும் போற? வீட்லயே நல்லாத்தானே கத்திட்டு இருந்த?"

'நட்சத்திர மாலுமி' என்ற அந்தத் தொடர் அப்போதே நான்கு ஆண்டுகளாக ஓடிக்கொண்டிருந்தது. சனிக்கிழமை மாலையானால் நாட்டிலுள்ள குழந்தைகளில் பாதிப்பேர் அதன் முன்னால்தான் உட்கார்ந்திருப்பார்கள். கிழட்டு மாலுமி ஒருவர் தன் கலத்தில் கிரகம் கிரகமாகப் போவார். கூடவே இரண்டு துணைப் பயணிகள் இருப்பார்கள். மாலுமி மாறுவதில்லை, துணைகள்தான் மாறிக்கொண்டே இருப்பார்கள். ஆவ்ரிலுக்கு வெஸ்டா என்ற பெண்ணின் வேடம். இன்னொரு துணையான நெட்டாக நடித்தவன் கார்ன்வாலிலிருந்து வந்த டென்சில் பாஸ்கோ. ஒல்லி, நீளக் கை கால். ஒத்திகையில் எல்லோரையும் சிரிக்க வைத்துவிட்டுத் தான் மட்டும் முகத்தைக் கல்போல் வைத்திருப்பான்.

"அம்மணி, இந்த வாரம் உனக்கு எந்தக் கால் சுளுக்குது?" என்று தினமும் காலையில் கேட்பான். ஏனென்றால் துரத்தல் காட்சி வந்தால் வெஸ்டா தடுக்கி விழுவாள் என்பது எழுதாத விதி.

ஆவ்ரிலுக்கு இருந்த பெரிய ரசிகை அண்ணன் மகள் பெவர்லிதான். ஒன்பது வயது, பிறந்ததிலிருந்தே இதயத்தில் ஓட்டை. 1967 இலையுதிர் காலத்தில் அவளை லீட்ஸில் ஓர் ஆஸ்பத்திரியில் சேர்த்திருந்தார்கள். வார்டில் ஒரே ஒரு தொலைக்காட்சி. சனிக்கிழமை அது பெவ்வின் ராஜ்ஜியம்.

ஞாயிற்றுக்கிழமைகளில் ஆவ்ரில் ரயில் பிடித்து லீட்ஸுக்கு வருவாள். முதல் முறை வந்தபோது வெஸ்டாவின் வெள்ளிநிற பூட்ஸை ஆடைப் பிரிவில் கேட்டு வாங்கிக்கொண்டு வந்தாள். பெவ் அதைக் கட்டிலின் கால்மாட்டில் வைத்துக்கொண்டு பக்கத்துக் கட்டில் சிறுமியிடம், "பாத்தியா? பொய்யின்னியே, இப்ப என்ன சொல்ற?" என்றாள்.

அடுத்த வாரங்களில் அவளுடைய உதடுகளின் நீலம் கூடியிருந்தது. ஆனாலும் வாய் ஓயவில்லை.

"அத்தை, ஆபரேஷன் அன்னிக்கு நான் வெஸ்டா. மூஞ்சியில மயக்க மருந்துக் கிண்ணம் வைக்கிறாரே, அவருதான் அரக்கன். டாக்டர்ட்ட சொல்லிட்டேன்."

"டாக்டர் என்ன சொன்னாரு?"

"அவரு மாலுமியாம். ஆனா நான் கால் சுளுக்கி விழ மாட்டேன். உங்கள மாதிரி இல்ல."

ஆவ்ரில் சிரித்தாள். அந்த வாரமே அடுத்த கதையின் எழுத்துப் பிரதி தபாலில் வந்தது. தன் ஒப்பந்தம் முடியப்போவது அவளுக்குத் தெரியும். துணைகளை வழக்கமாக ஏதாவது நல்ல கிரகத்தில் இறக்கிவிடுவார்கள், இல்லையென்றால் ஒரு ராஜகுமாரனுக்குக் கட்டிக்கொடுப்பார்கள். இந்தப் பிரதியின் கடைசிப் பக்கத்தில் வெஸ்டா செத்துப்போனாள். அந்தத் தொடரில் அதுவரை எந்தத் துணையும் செத்ததில்லை.

தயாரிப்பாளர் லாட்டிமரின் அறைக்கு நேரே போனாள்.

"சார், என்னை எங்க வேணும்னாலும் விட்டுட்டுப் போங்க. சாகடிக்காதீங்க."

"இதுல உனக்கு என்ன வருத்தம்? ஊரே அழப்போகுது. அதுக்கப்புறம் உன்னை மறக்கவே மாட்டாங்க."

அவள் பெவ்வைப் பற்றிச் சொன்னாள். லாட்டிமர் கல்நெஞ்சக்காரர் அல்ல. மூக்குக் கண்ணாடியைக் கழற்றி மேசையில் வைத்தார்.

"குழந்தைங்க ஒரு தடவையாவது நிஜமா பயப்படணும் ஆவ்ரில். யாருமே சாகமாட்டாங்கன்னு தெரிஞ்சுபோச்சுன்னா தொடரே செத்துரும். அந்த ஒரு வாரம் வார்டுல டிவியைப் போடவேணாம்னு சொல்லிப் பாரேன்."

உணவகத்தில் டென்சிலிடம் இதைச் சொன்னாள். அவன் தட்டிலிருந்த பட்டாணியை முள்கரண்டியால் ஓரத்துக்கு ஒதுக்கிக்கொண்டே கேட்டான். கடைசியில், "அந்தப் புள்ளைக்கு ஆபரேஷன் எப்போ?" என்றான்.

"அது டிவியில வந்து ரெண்டு நாள் கழிச்சு. திங்கக்கிழமை."

அந்தக் காலத்தில் நாடகம் போலவே ஒரே மூச்சில் ஒளிப்பதிவு செய்வார்கள். நாடாவை வெட்டி ஒட்டுவது அபூர்வம். இரவு பத்து மணிக்கு அரங்கத்தின் விளக்குகள் அணைந்துவிடும், யார் கெஞ்சினாலும் எரியாது. கடைசிக் காட்சிக்கு வந்தபோது மணி பத்தாக ஆறு நிமிடம். ஆவ்ரில் சாம்பல் பூசிய அட்டைப் பாறையின்மேல் கண்மூடிக் கிடந்தாள். டென்சில் மண்டியிட்டு அவள் மார்பில் காதை வைக்க வேண்டும், நிமிர்ந்து 'போயிட்டா, மாலுமி' என்று சொல்ல வேண்டும்.

காதை வைத்தான். வழக்கத்தைவிட நெடுநேரம் வைத்திருந்தான்.

"மூச்சு இருக்கு, மாலுமி," என்றான். "மெல்லிசா இருக்கு. இவளை இப்ப அசைக்கக் கூடாது. இந்த ஊர்க்காரங்க பாத்துக்குவாங்க."

ஆவ்ரிலுக்குக் கண்ணைத் திறந்துவிடுவோமோ என்று பயமாகிவிட்டது. மாலுமியாக நடித்த கிழவர் தானே வாரம் தவறாமல் வசனம் மறக்கிறவர். தனக்குத்தான் மறந்துவிட்டது என்று நினைத்தாரோ என்னவோ, தொப்பியைக் கழற்றிக்கொண்டு, "அப்படின்னா சத்தம் போடாம போயிருவோம்," என்று சொல்லிவிட்டுக் கலத்துக்குள் நடந்தார். மறுபடி எடுக்க நேரமில்லை, விளக்குகள் அணைந்தன. லாட்டிமர் மேலே இருந்த அறையிலிருந்து இரும்புப் படிகளில் இறங்கி வந்து, டென்சிலின் முன்னால் நின்று அவன் முகத்தையே பார்த்தார். பிறகு மேலங்கியை எடுத்துக்கொண்டு போய்விட்டார்.

ஒளிபரப்புக்கு மூன்று வாரம் இருந்தது. ஒளிபரப்பாகும் சனிக்கிழமைக்கு முந்தைய செவ்வாயன்று பெவ்வுக்கு மூச்சுத் திணறல் அதிகமாகி, மருத்துவர்கள் அறுவை சிகிச்சையைப் புதன்கிழமை காலைக்கே மாற்றினார்கள். அன்று மதியம் பெவ் இறந்துபோனாள். ஆவ்ரில் அப்போது லண்டனில் ஒரு சோப்பு விளம்பரத்துக்கான நடிகர் தேர்வு வரிசையில் நின்றுகொண்டிருந்தாள். தங்கியிருந்த வீட்டுக்காரம்மாள்தான் செய்தியைச் சொன்னாள்.

சனிக்கிழமை மாலை அண்ணன் வீட்டில் இருந்தாள். தொலைக்காட்சியின் மேல் யாரோ மேசைவிரிப்பைப் போட்டு மூடியிருந்தார்கள். வரிசை வீடு, ஒரே செங்கல் சுவர். ஐந்தே காலுக்குப் பக்கத்து வீட்டிலிருந்து 'நட்சத்திர மாலுமி'யின் இசை தெளிவாகக் கேட்டது. கிளிஃபர்ட் எழுந்து சமையலறைக்குப் போய்த் தண்ணீர்க் குழாயைத் திறந்துவிட்டான். அரைமணி நேரம் அது ஓடிக்கொண்டே இருந்தது, யாரும் மூடச் சொல்லவில்லை.

நல்லடக்கம் முடிந்து லண்டனுக்குத் திரும்பிய அன்று டென்சில் தொலைபேசியில் கூப்பிட்டான்.

"அம்மணி, ஒரு நல்ல செய்தி. இனிமே சனிக்கிழமை எனக்கு லீவு. என்னைத் தூக்கிட்டாங்க." சிரித்தான். "அதை விடு. புள்ள பாத்தாளா?"

ஆவ்ரில் ரிசீவரைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டாள். அவன் தொலைத்தது சின்ன வேலை அல்ல. அவனை இனி அந்தத் தொலைக்காட்சி நிலையத்தின் பக்கம் யாரும் கூப்பிடமாட்டார்கள்.

"பாத்தா," என்றாள்.

"என்ன பண்ணா?"

"கை தட்டுனா. வார்டே தட்டுச்சு."

"அது போதும்," என்றான்.

ஒரு மாதம் கழித்து, பெவ் அறுவை சிகிச்சையில் பிழைக்கவில்லை என்று அவனுக்குக் கடிதம் எழுதினாள். தேதி எழுதவில்லை.

ஆவ்ரிலுக்கும் அதற்குப் பிறகு பெரிதாக ஒன்றும் வாய்க்கவில்லை. ஊருக்குத் திரும்பி, ரால்ஃப் என்ற பேருந்துப் பரிசோதகரைக் கல்யாணம் செய்துகொண்டாள். இருபது வருடம் ஒரு பல் மருத்துவரின் வரவேற்பு மேசையில் உட்கார்ந்தாள். டென்சில் கோடைக்கால விடுதிகளில் வேடிக்கை காட்டினான், பிறகு பென்சான்ஸில் ரொட்டி வண்டி ஓட்டினான். அந்த அத்தியாயம்கூட மிஞ்சவில்லை. பழைய நாடாக்களை அழித்து அவற்றின்மேலேயே வேறு எதையோ பதிந்துவிட்டார்கள்.

எண்பதுகளில், வளர்ந்துவிட்ட அந்தக் குழந்தைகள் ஹோட்டல்களில் கூடித் தொடரைக் கொண்டாடத் தொடங்கினார்கள். ஆண்டுக்கு ஒருமுறை ஆவ்ரிலும் டென்சிலும் ஒரே மேடையில் உட்கார்வார்கள். ஒருவரும் மறுபடி பார்க்க முடியாத அந்தக் காட்சியை டென்சில் சொல்வான். வார்டில் ஒரு சிறுமி கை தட்டியதில் கதையை முடிப்பான். சொல்லும்போது அந்தக் கல்முகம் இளகிவிடும். ஆவ்ரில் பக்கத்தில் உட்கார்ந்து தலையாட்டுவாள்.

1989-இல் ரசிகர் பத்திரிகை ஒன்றில் அந்தக் கதை அச்சாகி, கிளிஃபர்டின் கைக்கு எப்படியோ போய்ச் சேர்ந்தது. மதியச் சாப்பாட்டு நேரத்தில் அதைச் சுருட்டிப் பிடித்துக்கொண்டு தங்கை வீட்டுச் சமையலறைக்குள் வந்து நின்றான்.

"புதன்கிழமை, ஆவ்ரில். அவ போனது புதன்கிழமை."

"தெரியும், கிளிஃப்."

"அவ கையை நான்தான் புடிச்சிட்டிருந்தேன். தட்டுறதுக்கு அதுல தெம்பே இல்ல."

"அவனுக்கு அப்பத்தான் வேலை போயிருந்துச்சு. வேற என்ன சொல்லட்டும்னு…"

"அவன் மனசு நோகக் கூடாதுன்னு எம் பொண்ணு சாவை மூணு நாள் தள்ளிப் போட்டிருக்க. வருஷா வருஷம் அதை மேடையேத்தி வேற உக்காந்திருக்க." அவன் குரல் உயரவே இல்லை. "போய்ச் சொல்லிட்டு வா. அதுவரைக்கும் நான் இங்க வரமாட்டேன்."

ஆவ்ரில் பென்சான்ஸுக்குப் போக ஒரு நாள் முழுக்க ரயிலில் உட்கார வேண்டியிருந்தது. டென்சில் தனியாகத்தான் இருந்தான். தேநீர் போட்டுக்கொடுத்தான். அவள் கோப்பையைத் தொடாமல் சொல்லி முடித்தாள். அவன் எழுந்து, குடிக்காத தேநீரைத் தொட்டியில் ஊற்றி, இரண்டு கோப்பைகளையும் கழுவினான்.

"நான் உன்னைத் திட்டுவேன்னு நெனைக்கிறியா அம்மணி?"

"திட்டிடு."

"இல்ல. எங்கிட்ட இருந்ததே அது ஒண்ணுதான். அதையும் எடுத்துட்ட. கொஞ்ச நேரம் வெளிய நடந்துட்டு வர்றேன். நீ ரயிலுக்குக் கிளம்பிரு."

அதன் பிறகு அவன் எந்தக் கூட்டத்துக்கும் வரவில்லை. கிறிஸ்துமஸ் வாழ்த்து அட்டையும் நின்றுபோனது. கிளிஃபர்ட் மட்டும் சொன்னபடி மறுபடி வீட்டுக்கு வரத் தொடங்கினான். நான்கு ஆண்டுகள் கழித்து அவன் இறந்த செய்தியை ஒரு ரசிகர் எழுதித்தான் ஆவ்ரில் தெரிந்துகொண்டாள். இரங்கல் கூட்டம் லெஸ்டரில் ஒரு ஹோட்டலில் நடந்தது. டென்சிலின் கதையை அவள் சொல்ல வேண்டும் என்று எல்லோரும் கேட்டார்கள்.

எழுந்து நின்று சொன்னாள். அவன் என்ன செய்தான், என்ன இழந்தான் என்று சொன்னாள். சிறுமி அதைப் பார்க்கவில்லை, அவனிடம் பொய் சொன்னவள் தான்தான் என்றும் சொன்னாள். கூடத்தில் இருந்த எழுபது பேரில் யாரோ கை தட்டத் தொடங்கிப் பாதியில் நிறுத்திக்கொண்டார். ஒருவர் புகைப்படம் ஒன்றை நீட்டிக் கையெழுத்துக் கேட்டார், போட்டுக்கொடுத்தாள்.

கூட்டத்தில் நடந்ததை ஆவ்ரில் போனில் ரால்ஃபிடம் சொல்லியிருந்தாள். ஹாலிஃபாக்ஸ் நிலையத்துக்கு ரால்ஃபுக்குப் பதிலாகக் கிளிஃபர்ட் வந்திருந்தான். அறுபத்திரண்டு வயது, முழங்கால் வலி. ஆனாலும் அவள் பையை வாங்கிக்கொண்டான்.

"அத்தனை பேர் முன்னாடியா சொன்ன?"

"ஆமா."

"பேரைச் சொன்னியா?"

"சொன்னேன். பெவர்லி சக்டன்னு."

அவன் தலையசைத்தான். காரில் ஏறியதும் சூடேற்றியை அவள் பக்கம் திருப்பிவிட்டான். மழை தூறிக்கொண்டிருந்தது.