சொந்தக்காரரைப் பேட்டி எடுக்கக் கூடாது

இதழியல் பட்டம் வாங்க என்னென்ன முடிக்க வேண்டும் என்று முதல் நாளே ஒரு தாள் கொடுத்தார்கள். தமிழ், ஆங்கிலம், பத்திரிகைச் சட்டம், புகைப்படம், வானொலி. போதாக்குறைக்குச் சுற்றுச்சூழல், யோகா. செய்தி எழுதப் போகிறவளுக்கு யோகா எதற்கு என்று எழுந்து கேட்டேன். "உனக்குத்தாம்மா முதல்ல வேணும்" என்றார் துறைத் தலைவி. வகுப்பே சிரித்தது. எனக்கு எப்போதும் மூக்குக்கு மேலே கோபம். அன்று மதியம் சாப்பிடவே இல்லை.

எங்கள் வீடு பொள்ளாச்சிக்கு வெளியே, தென்னந்தோப்புக்குள். கோவையில் கல்லூரி. தினமும் பஸ்தான். காலையில் ஜன்னலோரம் உட்கார்ந்ததும் கண் சொக்கிவிடும். கிணத்துக்கடவில் ஒரு தடவை விழிப்பேன். மலைக்கு மேல் வெயில் பாலாடை மாதிரி படர்ந்திருக்கும். மறுபடி தூங்கிவிடுவேன். சாயங்காலமும் அதே கதை. மூன்று வருஷத்தையும் பாதித் தூக்கத்தில்தான் படித்தேன் என்று வையுங்கள். எது வகுப்பில் கேட்டது, எது பஸ்ஸில் கனவு கண்டது என்று இன்றும் எனக்குப் பிரித்துச் சொல்லத் தெரியாது. அவதூறு வழக்கு என்று யாராவது சொன்னால் ஈச்சனாரி தாண்டி அடிக்கும் காற்றுதான் முதலில் முகத்தில் படுகிறது.

கடைசி வருஷம் சென்னையில் ஒரு செய்தி அலுவலகம் என்னை எடுத்துக்கொள்வதாகச் சொன்னது. பட்டம் முழுதாக இருக்க வேண்டும், அரியர் இருந்தால் வராதே என்றார்கள். வீட்டில் குருக்ஷேத்திரம். அப்பா ஜாதகத்தை வெளியே எடுத்துவிட்டிருந்தார். நான் கத்தினேன், அவர் கத்தினார், தோப்பில் தேங்காய் பறிக்க வந்தவர்கள் எல்லாம் கேட்டார்கள். கடைசியில் அவரே இறங்கி வந்தார்.

"எல்லாத்துலயும் பாஸானா ஒரு வருசம் மெட்ராஸு போ. ஒண்ணு நின்னாலும் ஊட்டுல உக்காந்து எழுது. சரியா?"

சரி என்றேன். அம்மாவைத் திரும்பிப் பார்த்தேன். "உங்கப்பா சொன்னாச் சரிதான்" என்று சொல்லிவிட்டு அடுப்படிக்குப் போய்விட்டாள். அவள் எப்போதுமே அப்படித்தான். எனக்காக ஒரு வார்த்தை பேச மாட்டாளே என்று அவள் மேலும் எனக்கு எரிச்சல்.

பரீட்சைகளுக்கு முன்னால் ஒன்று பாக்கி இருந்தது. ஒரு சாதாரண மனுஷரை உட்கார வைத்துப் பேட்டி எடுத்து, ஒலிப்பதிவோடு ஒரு கட்டுரை தர வேண்டும். ஒருத்தர் கேள்வி கேட்க வேண்டும், இன்னொருத்தர் ஹெட்போன் மாட்டிக்கொண்டு ஒலி பார்க்க வேண்டும். சொந்தக்காரரைப் பேட்டி எடுக்கக் கூடாது. நானும் என் தோழியும் நாளை, நாளை மறுநாள் என்று கனவிலேயே காலத்தைக் கழித்து, தேதி நெருங்கிய பிறகு முழித்துக்கொண்டோம். அவள் வால்பாறைக்காரி, தேயிலைத் தோட்டத் தொழிலாளர் லைன் வீட்டில் பிறந்தவள், கல்லூரி விடுதியில் இருந்தாள். அவள்தான் வழி கண்டுபிடித்தாள்.

"எங்கம்மா உனக்குச் சொந்தமா? இல்ல. உங்கம்மா எனக்குச் சொந்தமா? இல்ல. அப்புறமென்ன?"

ஒரு ஞாயிற்றுக்கிழமை வால்பாறைக்குப் போனோம். கொண்டை ஊசி வளைவுகளில் பஸ் ஏற ஏற மேகம் ஜன்னல் வழியாக உள்ளே வந்து எங்கள் மடியில் உட்கார்ந்தது. தோழியின் அம்மா கொழுந்து பறித்த கதையை எல்லாம் சிரித்துக்கொண்டே சொன்னார். வெளியே எதுவுமே தெரியவில்லை, வெள்ளையாக இருந்தது. பேட்டி நன்றாக வந்தது.

அடுத்த ஞாயிறு எங்கள் வீடு. மாசி மாதத்து மத்தியானம். வெயில் தென்னை ஓலைகளுக்கு நடுவே புள்ளி புள்ளியாக விழுந்து வாசல் பூராவும் ஆடிக்கொண்டிருந்தது. அப்பா சந்தைக்குப் போயிருந்தார். மரத்தடியில் இரண்டு நாற்காலி போட்டு அம்மாவையும் தோழியையும் எதிரெதிரே உட்கார வைத்தேன். மைக்கை அம்மாவின் சேலையில் நானே குத்தினேன். பிறகு ஹெட்போனை மாட்டிக்கொண்டு, ரெக்கார்டரை மடியில் வைத்துக்கொண்டு, அம்மாவின் முதுகுக்குப் பின்னால் கொஞ்சம் தள்ளி உட்கார்ந்தேன்.

ஹெட்போனில் அம்மாவின் மூச்சு கேட்டது. வளையல் நகர்வது கேட்டது. அவள் எச்சில் விழுங்குவதுகூடக் கேட்டது. இருபது வருஷம் ஒரே வீட்டில் இருந்தும் அவ்வளவு பக்கத்தில் அவளை நான் கேட்டதே இல்லை. அவள் குரல் வெளியிலிருந்து வருகிறதா, என் தலைக்குள்ளேயே பேசுகிறதா என்று தெரியாத ஒரு மயக்கம்.

தோழி சின்ன வயதைப் பற்றிக் கேட்டாள், கல்யாணத்தைப் பற்றிக் கேட்டாள். அம்மா ஒவ்வொன்றுக்கும் ஒரு வரி பதில் சொன்னாள். எனக்கு உள்ளுக்குள் பற்றிக்கொண்டு வந்தது. இப்படிப் பேசினால் கட்டுரை எங்கே தேறும்?

"உங்க பொண்ணு படிப்பு முடிக்கப் போறா. உங்களுக்கு என்னம்மா தோணுது?" என்று கேட்டாள் தோழி.

அம்மா பாதி திரும்பி என்னைப் பார்த்தாள். நான் ரெக்கார்டரையே பார்த்துக்கொண்டிருந்தேன். ஒலி பார்க்கிறவர் தலையாட்டக்கூடக் கூடாது.

"அவளுக்குக் கேக்காது கண்ணு" என்றாள் அம்மா, தோழியிடம். "காதுல அதை மாட்டிட்டான்னா இடி உளுந்தாலும் கேக்காது. சோறு திங்க வாடின்னு தொண்டை வத்தக் கூப்புடுவேன், பாட்டுக் கேட்டுட்டு உக்காந்திருப்பா."

தோழி என்னைப் பார்த்தாள். நான் அசையவில்லை. ஏன் அசையவில்லை என்று பல தடவை யோசித்திருக்கிறேன்.

"அவ மெட்ராஸுக்குப் போறேங்கறா. அவங்கப்பா மாப்பிள்ளை பாக்கறேங்கறாரு. ரெண்டு பேரும் ஓயாத சண்டை. எனக்கு ரெண்டும் ஒண்ணுதான் கண்ணு. எப்படியும் போறதுதானே." வளையல் நகர்ந்தது. "சாயங்காலம் அவ வார பஸ்ஸு சத்தம் கேட்டாத்தான் எனக்கு அடுப்புப் பத்த வெக்கவே தோணும். பக்கத்துத் தோட்டத்துப் பையன் அரியர் எழுதறேன்னு மூணு வருசமா ஊட்டோட கெடக்கறான். அவங்கம்மா வந்து அழுவா. எனக்கு அவளைப் பாத்தாப் பொறாமையா இருக்கும்."

தோழி கேள்வித் தாளை மடியில் கவிழ்த்து வைத்தாள்.

"இவளுக்கும் ஒரு பாடம் நின்னு போச்சுன்னா நல்லாருக்குமேன்னு நெனைப்பேன். பெத்தவ நெனைக்கற நெனைப்பா இது? கோயலுக்குப் போனா, பாஸாகோணும் சாமின்னு வாய்ல வர மாட்டேங்குது. நல்லா இருக்கோணும்னு மட்டும் கும்பிட்டுப்போட்டு வந்துருவேன்."

முதலில் எனக்கு வந்தது கோபம்தான், பொய் சொல்ல மாட்டேன். அடிப்பாவி, பெற்ற அம்மாவே நான் ஃபெயிலாக வேண்டும் என்று நினைக்கிறாளே! அந்தக் கோபம் தொண்டை வரைக்கும் வந்து அங்கேயே கரைந்துவிட்டது. வெயில் புள்ளிகள் அம்மாவின் முதுகில் ஆடிக்கொண்டிருந்தன. ரெக்கார்டரில் பச்சைக் கோடு அவள் பேசும்போது ஏறி, நிறுத்தும்போது இறங்கியது. நான் அதையே பார்த்துக்கொண்டிருந்தேன். கோடு கலங்கித் தெரிந்தது.

பேட்டி முடிந்ததும் அம்மா எழுந்து, செவிடர்களுக்குச் சொல்வது போல் கையை வாய்க்குக் கொண்டுபோய்க் காட்டி, "முடிஞ்சுது! சாப்புட வா!" என்று கத்தினாள். மைக் இன்னும் அவள் சேலையில்தான் இருந்தது. காது பிய்ந்துவிடும் போல இருந்தது. ஹெட்போனைக் கழற்றிவிட்டு, "என்னம்மா சொன்னே?" என்று கேட்டேன். அவள் முகத்தில் ஒரு நிம்மதி வந்தது.

அன்று எனக்கு இரண்டு கரண்டி கூடுதலாகவே போட்டாள். தின்ன முடியாமல் தின்றேன்.

பஸ் நிறுத்தத்தில் நிற்கும்போது தோழி கேட்டாள், "கடைசியில பேசினதை என்ன பண்றது?"

"எழுது. அதுதானே பேட்டி? அது இல்லாம உன் கட்டுரையில என்ன இருக்கு?" என்று வெடுக்கென்று சொன்னேன்.

அவள் எழுதவில்லை. பதிவிலிருந்தும் வெட்டிவிட்டாள். தென்னை, கொப்பரை, அம்மாவின் கல்யாணம் என்று அழகாக எழுதிக் கொடுத்தாள். 'அந்தப் பெண்ணின் மனதுக்குள் போகவே இல்லை' என்று ஆசிரியர் ஓரத்தில் குறித்து மதிப்பெண்ணைக் குறைத்துவிட்டார். தோழி அதை என்னிடம் காட்டிச் சிரித்தாள். நான் யோகா பாடத்தில் கற்றதை எல்லாம் கூட்டி மூச்சை அடக்கிக்கொண்டேன்.

அதன் பிறகு பரீட்சைகளை எப்படி எழுதினேன் என்று நினைவில்லை. ஒவ்வொரு தாளும் மேகத்துக்குள் நடந்தது போலத்தான் இருக்கிறது. விடை தெரிந்த கேள்விக்கு முன்னால்கூடப் பேனாவைத் தூக்கிப் பிடித்தபடி கொஞ்ச நேரம் உட்கார்ந்திருப்பேன். ஒன்றை விட்டுவிட்டால் என்ன? எழுதினேன். எல்லாவற்றையும் எழுதினேன். எனக்குப் போக வேண்டும்.

முடிவு ஒரு மத்தியானம் கைபேசியில் வந்தது. வெளியே நல்ல காற்று. அப்பா கண்ணாடியைத் தேடி மாட்டிக்கொண்டு ஒவ்வொரு பாடமாகப் படித்தார். "அடேங்கப்பா! பாஸ், பாஸ், எல்லாம் பாஸ். சொன்னாச் சொன்னதுதான். கெளம்பு மெட்ராஸுக்கு" என்று என் முதுகில் ஓங்கித் தட்டினார்.

அடுப்படி வாசலில் அம்மா நின்றுகொண்டிருந்தாள். கையை முந்தானையில் துடைத்தாள். ஏற்கனவே உலர்ந்த கையைத்தான் துடைத்தாள்.

"ஒண்ணுகூட நிக்கலையா கண்ணு?"

"பாரு, உங்கம்மாவுக்கு நம்பிக்கையே இல்ல!" என்று அப்பா விழுந்து விழுந்து சிரித்தார்.

"இல்லம்மா" என்றேன். "ஒண்ணுகூட நிக்கல."