வாயைப் பிளந்த சிறுமி

தொடக்கப்பள்ளி ஆசிரியர்களுக்கு நல்ல கணினிப் பாட வீடியோக்களைத் தேடி வாட்ஸ்அப்பில் அனுப்புவது திருப்பதியில் என் வேலை. பிள்ளைகள் வகுப்பு டிவியில் பார்த்ததற்கு அத்தாட்சியாகத் தினமும் ஒரு போட்டோ கேட்பேன். தமிழ்நாட்டு எல்லையோரம் நகரி பக்கத்துத் தமிழ்ப் பள்ளி ஒன்றிலிருந்து தவறாமல் வரும். வரிசையாகக் கண்விரிந்த முகங்கள். மற்ற பள்ளிகளுக்கு அதைத்தான் காட்டிப் பேசுவேன்.

ஒருநாள் நேரில் பாராட்டப் போனேன். நான் போனை எடுத்ததுமே, யாரும் சொல்லாமல் பிள்ளைகள் ஓடிவந்து டிவி முன்னால் உட்கார்ந்தார்கள். ஒரு சிறுமி ஆச்சரியத்தில் வாயைப் பிளந்தாள்.

டிவி ஓடவில்லை.

டீச்சர் தலைகுனிந்தார். “நீங்க அனுப்புறது எல்லாம் தெலுங்கு வீடியோ மேடம். இதுங்களுக்குப் புரியல. தமிழ்ல வேணும்னு மூணு தபா மெசேஜ் போட்டேன். போட்டோ எங்க, போட்டோ எங்கன்னுதான் நீங்க கேட்டுக்கினு இருந்தீங்க.”

அந்த மூன்று மெசேஜும் என் போனில் இருந்தன. எதற்கும் நான் பதில் போட்டிருக்கவில்லை.

“சீக்கிரம் எடுங்க மேடம், வாய் நோவுது” என்றாள் சிறுமி.

எடுத்தேன். அன்றைய அறிக்கையில் சேர்த்து அனுப்பியும் விட்டேன். மேலிடத்திலிருந்து பாராட்டு வந்தது.

எல்லாப் பள்ளிகளிலிருந்தும் இன்றும் போட்டோக்கள் வருகின்றன. எதிலும் டிவி தெரிவதில்லை. நானும் கேட்பதில்லை.